வளைகுடாப் போரும் வயலுக்கு வரும் யூரியாவும்

2025 ஜூன் 12-ம் தேதி குறுவைப் பாசனத்துக்காக மேட்டூர் அணை திறக்கப்பட்டது. மறுநாள் அதிகாலையில் ஈரான் மீது இஸ்ரேல் தாக்குதலைத் தொடங்கியது. 12 நாட்கள் நீடித்த அந்தச் சண்டையில் கச்சா எண்ணெய் விலை சில நாட்கள் ஏறி, பிறகு இறங்கிவிட்டது. தொலைக்காட்சி விவாதங்களும் அத்தோடு முடிந்தன. ஆனால், உரச் சந்தையில் விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. இஸ்ரேல் தன் கடலோர எரிவாயு வயல்களை மூடியதால், அந்த வாயுவை நம்பியிருந்த எகிப்தின் யூரியா ஆலைகள் நின்றன. ஈரானின் ஆலைகளும் நின்றன. சீனாவோ யூரியா ஏற்றுமதியை ஏற்கெனவே கட்டுப்படுத்தியிருந்தது. ஆகஸ்டில் நாட்டின் பல மாநிலங்களில் உரக்கடை வாசலில் விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். நல்ல மழையால் சாகுபடிப் பரப்பு கூடியது உட்பட அதற்கு வேறு காரணங்களும் உண்டு. போரும் அதில் ஒன்று.

"எண்ணெய் தீர்ந்துகொண்டே வருகிறது, அதற்காகத்தான் நாடுகள் அடித்துக்கொள்கின்றன" என்று டீக்கடையில் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் பாதி உண்மை. மறு பாதியைப் புரிந்துகொண்டால்தான், அடுத்த போரின்போது நம் வயலில் எது முதலில் குறையும் என்பது தெரியும்.

கிணறு வற்றியதால் வந்த போர்களா?

எண்ணெய் கிடைக்காத பயத்தில் ஒரு நாடு போரில் குதித்ததற்குத் தெளிவான உதாரணம் ஜப்பான். அதன் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941-ல் அமெரிக்கா அதை நிறுத்தியது. சில மாதங்களில் பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்தது. 1942 பிப்ரவரியில் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் வயல்களும் ஜப்பான் கைக்குப் போயின. ஆனால் கவனியுங்கள், அன்று உலகில் எண்ணெய் குறையவில்லை. விற்பவர் விற்க மறுத்தார், அவ்வளவுதான். 1973-ல் அரபு நாடுகள் ஏற்றுமதியைக் குறைத்தபோதும் அதே கதை. பீப்பாய் ஏறக்குறைய 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பூமிக்கு அடியில் எண்ணெய் அப்படியேதான் இருந்தது.

1990 குவைத் போர் இதற்கு நேர் எதிர். ஈரானுடன் எட்டு ஆண்டுகள் சண்டையிட்டு ஈராக் கடனில் மூழ்கியிருந்தது. கடன் கொடுத்தவர்களில் குவைத்தும் ஒன்று. ஒப்புக்கொண்ட அளவை மீறிக் குவைத் எண்ணெய் எடுத்து விற்று விலையைச் சரித்துவிட்டது என்பது ஈராக்கின் குற்றச்சாட்டு. அமோக விளைச்சலில் தக்காளி விலை சரியும்போது, கடன் வாங்கிய விவசாயி என்ன நிலையில் இருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலையில் ஒரு சர்வாதிகாரி, கையில் பெரிய ராணுவத்தோடு இருந்தார். ஆகஸ்ட் 2-ம் தேதி படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. எண்ணெய் மிகுந்து விலை விழுந்த காலத்தில் தொடங்கிய போர் அது.

எண்ணெய் 'வற்றும்' கணக்குகளும் பலமுறை பிசகியிருக்கின்றன. அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டுச் சரியும் என்று புவியியலாளர் கிங் ஹப்பர்ட் 1956-ல் சொன்னார். 1970-ல் அப்படியே நடந்தது. ஆனால், பாறையை உடைத்து எடுக்கும் ஷேல் எண்ணெய் வந்த பிறகு, 2018-ல் அந்த நாடு பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. எளிதில் கிடைக்கும் மலிவான எண்ணெய் குறைந்துவருவது உண்மை. ஷேல் கிணறுகள் வேகமாக இளைத்துவிடும் என்பதும் உண்மை. ஆனாலும், இன்றைய ஆபத்து அளவில் இருப்பதைவிட வழியில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. உலகம் ஒரு நாளில் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. அதன் குறுகலான இடம் 40 கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. கத்தாரின் திரவ எரிவாயுவுக்கும் அதுதான் வாசல்.

மூட்டைக்குள் இருக்கும் டீசல்

எண்ணெய் விலை ஏறினால் டிராக்டர் வாடகையும் பெல்ட் வண்டி வாடகையும் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலரும் கணக்கில் எடுக்காதது உரம். யூரியாவில் உள்ள தழைச்சத்து காற்றிலிருந்து வருகிறது. அதைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றுவதற்கு ஹைட்ரஜனும் கடும் வெப்பமும் அழுத்தமும் வேண்டும். இவை எல்லாம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கின்றன. யூரியாவின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி எரிவாயுவின் விலைதான். மணலி, தூத்துக்குடி யூரியா ஆலைகள் முன்பு நாப்தாவில் ஓடின. சில ஆண்டுகளுக்கு முன்புதான் எரிவாயுவுக்கு மாறின.

ஒரு டன் யூரியா தயாரிக்க நம் ஆலைகளுக்கு ஏறக்குறைய 60 லட்சம் கிலோ கலோரி தேவை. 45 கிலோ மூட்டைக்குக் கணக்கிட்டால், சுமார் 30 லிட்டர் டீசலில் உள்ள எரிசக்தி. டெல்டாவில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. முழுவதையும் யூரியாவாகக் கொடுத்தால், ஏக்கருக்கு ஏறத்தாழ மூன்று மூட்டை. அதாவது 90 லிட்டர் டீசலுக்கு இணை. உழவு, சேறு கலக்குதல், அறுவடை எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு ஏக்கருக்கு அவ்வளவு டீசல் பிடிக்காது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இருக்கிறது, நமக்கு எண்ணெய்ச் சிக்கல் குறைவு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இது கண்ணில் படாததற்குக் காரணம் விலை. மூட்டை ரூ.266.50-க்குக் கிடைக்கிறது. உலகச் சந்தையில் டன் 400 டாலர் என்று வைத்தாலே, 45 கிலோவின் அடக்கம் 1,500 ரூபாயைத் தாண்டும். மீதியை அரசு கொடுக்கிறது. உக்ரைன் போரால் எரிவாயு விலை உச்சத்துக்குப் போன 2022-23-ல் நாட்டின் உர மானியம் 2.5 லட்சம் கோடி ரூபாயை எட்டியது. அப்போதும் யூரியா விலை ஏறவில்லை. அதனால் போர் நம்மிடம் விலையாக வராது, தட்டுப்பாடாக வரும். மேலுரம் போட வேண்டிய வாரத்தில் சொசைட்டியில் மூட்டை இருக்காது. தனியார் கடையில் யூரியாவோடு தேவையில்லாத இன்னொன்றையும் கட்டிக்கொடுப்பார்கள்.

போர் முடிந்தாலும் அதன் தடம் மண்ணில் பல காலம் நிற்கும் என்பதற்கும் குவைத் போர்தான் சாட்சி. அப்போது கூடிய எண்ணெய் இறக்குமதிச் செலவு, 1991 அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு ஒரு காரணம். நாடு தங்கத்தை அடகு வைத்தது. மானியத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில், 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் தொடர்ந்தது. டி.ஏ.பி.யும் பொட்டாஷும் எட்டாத விலைக்குப் போகவே, விவசாயிகள் மலிவான யூரியா பக்கம் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வு இன்றும் நிமிரவில்லை. கருகருவென்று வளர்ந்து, காற்றுக்குச் சாய்ந்து, புகையானுக்கும் இலைச்சுருட்டுக்கும் இடம் கொடுக்கும் நெல் வயலில் அதன் தடத்தை நீங்கள் பார்க்கலாம்.

இரண்டு நாடுகள், ஒரே அடி

நவீனப் பொருளாதாரமே இதனால் சரியுமா என்ற கேள்விக்கு, எண்ணெய் உண்மையிலேயே நின்றுபோன இரண்டு நாடுகளைப் பார்க்கலாம். சோவியத் ஒன்றியம் 1991-ல் உடைந்தபோது கியூபாவுக்கும் வடகொரியாவுக்கும் மலிவு எண்ணெய் நின்றது. இரண்டுமே டிராக்டரையும் ரசாயன உரத்தையும் முழுக்க நம்பிய நாடுகள். வடகொரியாவில் உர ஆலைகள் முடங்கின, விளைச்சல் சரிந்தது, 1995 வெள்ளத்துக்குப் பிறகு பெரும் பஞ்சம் வந்தது. கியூபாவிலும் மக்கள் மெலிந்தார்கள். ஆனால், அங்கே பெரிய அரசுப் பண்ணைகளைப் பிரித்துக் கூட்டுறவுகளிடம் கொடுத்தார்கள். காளைகளை மீண்டும் ஏருக்குப் பழக்கினார்கள். அசோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர் உரங்களை ஆய்வகங்கள் பெருமளவில் தயாரித்தன. காலி மனைகளில் காய்கறி விளைந்தது. ஆண்டு முழுவதும் பயிர் வளரும் வெப்பநிலையும் உதவியது.

இதை வைத்து ரசாயன உரமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கியூபா இன்றும் உணவை இறக்குமதி செய்கிறது. இலங்கையில் 2021-ல் ஒரே உத்தரவில் உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். விளைச்சல் அடிபட்டது, அதே ஆண்டு நவம்பரில் தடை திரும்பப் பெறப்பட்டது. ஒரு பருவத்தில் நிறுத்த முடியாது. ஆனால், பருவத்துக்குப் பருவம் குறைக்க முடியும்.

ஏனெனில், தேங்கிய நீரில் நாம் போடும் தழைச்சத்தில் 30 முதல் 40 சதவீதம்தான் பயிருக்குப் போகிறது. மீதி ஆவியாகவும் நீரோடும் போய்விடுகிறது. வளைகுடாவிலிருந்து கப்பலில் வந்த எரிவாயு வாய்க்காலில் ஓடுகிறது என்றும் சொல்லலாம்.

இப்போது சம்பா நட்டிருப்பவர்கள் நாள் கணக்குப் பார்த்து மேலுரம் போடாமல் இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். நட்ட 14-ம் நாளிலிருந்து, 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள் பாருங்கள். வயலில் பரவலாக 10 குத்துகளில், முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்து, வெயில் படாமல் உங்கள் நிழலில் ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது வரம்பு. பத்தில் ஆறு இலைகள் வரம்புக்குக் கீழே இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா போதும். வயலில் நீரை வடித்துவிட்டுப் போட்டால் இழப்பு குறையும்.

அடுத்த குறுவைக்கு, கோடை மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் 45 நாளில் மடக்கி உழுதால், முதல் மேலுரத்தைக் குறைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அந்த வயலிலும் அட்டையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அட்டை இல்லாதவர்கள் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.