கஞ்சா எண்ணெயும் என் பெருங்குடலும்

எனக்குப் பெருங்குடலில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற அழற்சி நோய் வந்து 14 வருடமாகிறது. தினமும் மெசலமைன் மாத்திரைதான். இது தெரிந்தவர்கள் யாராவது வாட்ஸ்அப்பில் அதே செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்: கஞ்சா எண்ணெய் குடல் அழற்சியைக் குணமாக்கும், இஸ்ரேலில் நிரூபித்துவிட்டார்கள், மாத்திரைகளைத் தூக்கிப் போடுங்கள்.

நிரூபித்தது என்ன என்று அனுப்பியவர்கள் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அங்கே 2013இல் வெளியான ஆய்வில் கிரோன் நோயாளிகள் மொத்தமே 21 பேர். 11 பேருக்குக் கஞ்சாப் பூ, 10 பேருக்கு வீரியம் எடுத்த பூ, 8 வாரம் புகைக்கக் கொடுத்தார்கள். கஞ்சா புகைத்தவர்களில் 10 பேருக்கு உபாதை நன்றாகக் குறைந்தது. மற்றவர்களில் 4 பேருக்கு. நல்ல செய்திதான். நோய் முழுதாக அடங்கியது முதல் பிரிவில் 5 பேருக்கு, இரண்டாவதில் ஒருவருக்கு. இத்தனை சின்னக் கூட்டத்தில் அந்த வித்தியாசம் புள்ளிவிவரக் கணக்கில் நிற்கவில்லை. தவிர, கஞ்சா புகைத்தவருக்குத் தான் புகைத்தது எது என்று தெரியாமலா போகும்?

2021இல் அங்கேயே 56 கிரோன் நோயாளிகளிடம் எண்ணெயைச் சோதித்தார்கள். உபாதை குறைந்தது, வாழ்க்கை கொஞ்சம் சுகப்பட்டது. ஆனால் எண்டோஸ்கோப்பியில் தெரியும் புண்ணும், ரத்தத்தில் தெரியும் அழற்சியும் குறையவில்லை.

என் சண்டை இந்த இடத்தில்தான். வலி அடங்குவது வேறு, புண் ஆறுவது வேறு. வயிறு சும்மா இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தினால், உள்ளே நோய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிரோனில் குடல் சுருங்கி அடைக்கலாம். என் நோயில் வருடக்கணக்காக ஆறாத அழற்சி புற்றுநோய் வரை போகலாம். 8 வருடம் தாண்டியவர்களை அவ்வப்போது கொலோனோஸ்கோப்பிக்கு வரச் சொல்வது அதற்காகத்தான்.

இங்கே விற்பது எது? 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூத்த நுனி. தனி இலை அதில் சேராது. வடக்கே ஹோலிக்குப் பாங்கு குடிக்க முடிவதும் இதனால்தான். அந்த இடுக்கு வழியாக ஆயுர்வேத உரிமம் வாங்கி இலைச் சாற்று எண்ணெய் விற்கிறார்கள். ஆராய்ச்சி பூவுக்கு, வியாபாரம் இலைக்கு!

நம் வயதுக்காரர்களில் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் உண்டு. கஞ்சாவில் உள்ள சிபிடி அதன் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவு வரை கொண்டுபோகலாம். விளம்பரத்தில் இதைச் சொல்பவர் யார்?

மருத்துவ ஆராய்ச்சிக்கு அந்தச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. எண்ணெயில் அத்தனை நம்பிக்கை இருந்தால், சில நூறு பேருக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்து, முன்னும் பின்னும் எடுத்த கொலோனோஸ்கோப்பிப் படங்களைக் காட்டட்டும்.