யார் கண்ணில் பட்டது?

கணினிப் பார்வைத் துறையில் ஓர் ஆய்வேடு வாய்மொழித் தேர்வுக்கு வரும்போது எழும் கேள்விகள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. எந்தத் தரவுத்தொகுப்பு, எத்தனை படங்கள், முந்தைய முறையைவிட எத்தனை புள்ளி முன்னேற்றம் என்பவையே அவை. ஒரு படத்தில் கண்ணைக் கவரும் பகுதியைக் கண்டறியும் ஆய்வுகளில் இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கவர்ந்தது யாருடைய கண்ணை? அக்கேள்வி அரிதாகவே எழுகிறது. அது எழாமற்போவதன் விளைவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இத்துறையின் வரலாறே சான்று.

மனிதக் கண் ஒரு காட்சி முழுவதையும் ஒரே கூர்மையுடன் காண்பதில்லை. விழித்திரையின் மையக்குழியில் விழும் ஏறத்தாழ 2 பாகைப் பரப்பு மட்டுமே மிகத் தெளிவாகத் தெரிகிறது. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அவ்விரலின் அகலம் மறைக்கும் அளவுதான் அது. எஞ்சியவை மங்கல். ஆகவே கண் ஒரு நொடிக்கு மூன்று நான்கு முறை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவுகிறது. அடுத்துத் தாவ வேண்டிய இடத்தை மூளை எவ்வாறு தெரிவு செய்கிறது என்பதே இத்துறையின் மூலவினா.

1985-இல் கிறிஸ்டாஃப் கோக், ஷிமோன் உல்மன் ஆகிய இருவரும் இதற்கு ஒரு கருதுகோளை முன்வைத்தனர். நிறம், ஒளிர்வு, சாய்கோணம் முதலிய பண்புகள் தனித்தனியே ஆராயப்பட்டு, அவற்றின் முடிவுகள் ஒரே கவன ஈர்ப்பு வரைபடத்தில் திரள்கின்றன. அவ்வரைபடத்தில் மிக உயர்ந்து நிற்கும் புள்ளி மற்றவற்றை வென்று கவனத்தைப் பெறுகிறது. வென்ற புள்ளி பிறகு சிறிது நேரம் அடக்கப்படுகிறது. அப்போது அடுத்த புள்ளிக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. இந்த இரண்டாம் படி இல்லையெனில் கண் முதற்புள்ளியிலேயே சிறைப்பட்டிருக்கும். பின்வரும் வாதம் முழுவதும் இந்த அடக்கத்தின் மீதே நிற்கிறது.

அக்கருதுகோளை 1998-இல் லாரன்ட் இட்டி, கோக், எர்ன்ஸ்ட் நீபர் ஆகியோர் கணினியில் இயங்கும் மாதிரியாக்கினர். படம் பல அளவுகளில் சுருக்கப்படுகிறது. ஒவ்வோர் இடமும் தன் சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு மாறுபடுகிறது என்பது கணக்கிடப்படுகிறது. ஒளிர்வுக்கு 6, நிறத்துக்கு 12, சாய்கோணத்துக்கு 24 என 42 பண்பு வரைபடங்கள் உருவாகி, இறுதியில் ஒன்றாக இணைகின்றன. பச்சை மிளகாய்க் குவியலில் கிடக்கும் ஒரேயொரு பழுத்த மிளகாய் ஏன் உடனே கண்ணில் படுகிறது என்பதை இம்மாதிரி செவ்வனே விளக்கும். குவியலில் பாதி பழுத்திருந்தால் எந்தப் பழமும் தனித்துத் தெரியாது என்பதையும் விளக்கும்.

பின்வந்தோர் இதே எண்ணத்தை வேறு கணித வடிவங்களில் வளர்த்தனர். 2007-இல் ஹோவ், ஜாங் இருவரும் படத்தின் ஃபூரியர் நிறமாலையை எடுத்து, எல்லாப் படங்களிலும் பொதுவாகக் காணப்படும் சீரான போக்கைக் கழித்து, எஞ்சுவதே கவனத்துக்குரியது என்றனர். 2009-இல் அச்சந்தாவும் அவருடைய குழுவினரும், படத்தின் சராசரி நிறத்திலிருந்து ஒவ்வொரு படப்புள்ளியும் எவ்வளவு விலகியுள்ளது என்று அளந்தனர். வழிகள் வேறு, அடிப்படை ஒன்றே. சுற்றியுள்ளவற்றிலிருந்து வேறுபட்டு நிற்பது கண்ணைக் கவரும்.

இந்த அடிப்படை பாதி உண்மை. மறுபாதியை ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரெட் யார்பஸ் 1960-களிலேயே காட்டிவிட்டார். நெடுநாள் பிரிந்திருந்த ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்புவதைச் சித்திரிக்கும் இல்யா ரேபினின் ஓவியத்தை ஒரே பார்வையாளரிடம் பலமுறை காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு வினா கொடுத்து, அவருடைய விழிநகர்வை அவர் பதிந்தார். படத்தில் உள்ளோரின் வயதைக் கணிக்கச் சொன்னபோது கண் முகங்களில் நின்றது. குடும்பத்தின் பொருள்நிலையைக் கணிக்கச் சொன்னபோது ஆடைகளிலும் அறைகலன்களிலும் அலைந்தது. ஓவியத்தின் ஒரு படப்புள்ளியும் மாறவில்லை, பார்வை மாறிற்று. கவர்ச்சி படத்தின் தனியுடைமையாக இருந்திருந்தால் இவ்வாறு நிகழ்ந்திருக்க இயலாது.

இதன் மறுபக்கத்தை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. டிராஃப்டன் டிரூ, மெலிசா வோ, ஜெரமி உல்ஃப் ஆகியோர் நுரையீரல் சிடி படங்களில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகி, 24 கதிரியல் மருத்துவர்களிடம் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கொரில்லா ஒரு சராசரிக் கட்டியைப் போல் 48 மடங்கு பெரியது. ஆயினும் 24 பேரில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுள் சிலரின் கண் அதன்மீதே நின்றிருந்ததைக் கருவி பதிந்திருந்தது. கட்டியைத் தேடும் கண்ணுக்குக் கொரில்லா பொருட்டில்லை. கண் நிற்கும் இடம், மனம் கொள்ளும் பொருள், அறிய வேண்டிய செய்தி ஆகிய மூன்றும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

ஆழ்கற்றல் வந்தபின் மாதிரிகள் கைவினைக் கணக்குகளை விட்டு நேரே மனிதத் தரவிலிருந்து கற்கத் தொடங்கின. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. முகம், எழுத்து, நடப்போர் போன்ற பொருள் சார்ந்த ஈர்ப்புகள் அப்போதுதான் கணக்கில் முழுமையாக ஏறின. ஆனால் தரவிலிருந்து கற்பது என்றால் தரவு தந்தோரிடமிருந்து கற்பது என்றே பொருள். 2009-இல் டில்கி ஜட் குழுவினர் வெளியிட்ட புகழ்பெற்ற தரவுத்தொகுப்பில் 1,003 படங்கள். பார்வையாளர்கள் 15 பேர். வயது 18 முதல் 35 வரை. ஒவ்வொரு படத்துக்கும் 3 நொடி. குறிப்பிட்ட வினா எதுவுமில்லை. ஆய்வாளர்கள் இவற்றை மறைக்கவில்லை, தம் கட்டுரையிலேயே தெளிவாக எழுதினார்கள். பின்னர் அத்தரவைப் பயன்படுத்தியோர் அந்த 15 பேரையும் ‘மனிதர்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டனர் என்பதே குறை.

அதே கட்டுரை மற்றோர் எச்சரிக்கையும் தந்தது. பார்வைகளில் 40 விழுக்காடு படத்தின் மையத்திலுள்ள 11 விழுக்காட்டுப் பரப்புக்குள் விழுந்திருந்தது. படமெடுப்போர் தாம் விரும்பியதை நடுவில் வைக்கிறார்கள். பார்ப்போரும் நடுவிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆகவே படத்தையே பாராமல் நடுவில் ஒரு மங்கலான வெண்வட்டத்தை வரைந்துவைக்கும் போலி மாதிரிகூட அக்காலத்தின் பல மாதிரிகளுக்குச் சமமாகவோ மேலாகவோ மதிப்பெண் பெற்றது. எந்த மதிப்பெண்ணையும் வியக்கும் முன் அந்த வெண்வட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்பது ஆய்வு நேர்மையின் முதற்படி.

இக்குறைகள் கட்டுரைகளுக்குள்ளேயே இருந்தவரை யாருக்கும் வலிக்கவில்லை. 2018-இல் ட்விட்டர் நிறுவனம் பெரிய படங்களை முன்னோட்டத்துக்காக வெட்டும் பணியை விழிநகர்வுத் தரவில் பயின்ற ஒரு மாதிரியிடம் ஒப்படைத்தது. 2020 செப்டம்பரில் பயனர்கள் ஒரு சோதனை செய்தனர். நீண்ட படமொன்றின் ஒரு முனையில் பராக் ஒபாமா, மறுமுனையில் மிட்ச் மெக்கானல். வெட்டப்பட்ட முன்னோட்டத்தில் எஞ்சியவர் மெக்கானல். முனைகளை மாற்றியபோதும் அவரே எஞ்சினார். 2021 மே மாதம் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தம் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். ஆணும் பெண்ணும் இணைந்த படங்களில் சமநிலையிலிருந்து 8 விழுக்காடு பெண்கள் பக்கமும், வெள்ளையரும் கறுப்பரும் இணைந்த படங்களில் 4 விழுக்காடு வெள்ளையர் பக்கமும் மாதிரி சாய்ந்திருந்தது. எவ்வாறு வெட்டுவது என்பதை மனிதரிடமே விடுவது நன்று என்று அவர்கள் முடிவுரைத்தனர். அவ்வாண்டு நடந்த திறந்த போட்டியில் மேலும் சில வெளிப்பட்டன. இளமையும் ஒல்லியும் வெளிர்நிறமும் கொண்ட முகங்களுக்கு மாதிரி கூடுதல் மதிப்பளித்தது. அரபு எழுத்தும் இலத்தீன் எழுத்தும் அமைந்த படங்களில் இலத்தீன் எழுத்தின் பக்கம் சாய்ந்தது.

8, 4 என்பன சிறிய எண்கள் அல்லவா என்று வினவலாம். இங்கேதான் கோக்கும் உல்மனும் சொன்ன இரண்டாம் படி நினைவுக்கு வர வேண்டும். அவர்களுடைய மாதிரியில் வென்ற புள்ளி அடக்கப்பட்டு, அடுத்த புள்ளிக்கு இடம் கிடைக்கும். முன்னோட்டம் வெட்டும் கருவியோ மிக உயர்ந்த ஒரே புள்ளியைத் தெரிந்து, அதைச் சுற்றி வெட்டி, அத்துடன் நின்றது. இரண்டு முகங்களின் மதிப்பெண் நூலிழை அளவே வேறுபட்டாலும் ஒருவர் முழுமையாக எஞ்சுவார். மற்றவர் முழுமையாக மறைவார். ட்விட்டர் ஆய்வாளர்களும் உயர்ந்த ஒன்றை மட்டும் தெரிவது சிறு வேறுபாடுகளைப் பெருக்குகிறது என்று சுட்டினார்கள். கண் தாவும், திரும்பியும் வரும். வெட்டிய படம் திரும்பாது. கண்ணைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்ட கருவி, கண்ணின் மிக நியாயமான பண்பை விட்டுவிட்டது.

மக்கள் உண்மையிலேயே அவ்வாறுதான் பார்க்கிறார்கள் என்றால் மாதிரியின் பிழை என்ன என்றொரு மறுப்பு உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. படச் சுருக்கத்தில் எப்பகுதிக்குக் கூடுதல் நுணுக்கம் ஒதுக்குவது, சிறு திரையில் எதை முதலில் காட்டுவது, ஓர் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படுமா என்பன போன்ற பணிகளுக்குக் கண்ணின் இயல்பான போக்கைக் கணிக்கும் மாதிரி பயன்தருவதே. ஆனால் ஒரு போக்கைக் கணிப்பது வேறு, அப்போக்கின்படி தீர்ப்பளிப்பது வேறு. முதலாவதில் பிழை நேர்ந்தால் ஒரு மதிப்பெண் குறையும். இரண்டாவதில் ஒரு மனிதர் படத்திலிருந்து நீங்குவார். எத்தகைய பணிக்கு மாதிரி செல்கிறது என்று கூறாமல் துல்லியத்தை மட்டும் கூறும் ஆய்வேடு, மருந்தின் வீரியத்தைச் சொல்லி நோயின் பெயரைச் சொல்லாத சீட்டைப் போன்றது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உள்ளது. இந்திய இரயில் நிலையப் பெயர்ப்பலகை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் என மூன்று எழுத்துகள் ஒரே நிறத்தில், ஒரே பின்னணியில். 1998-இன் மாதிரிக்கு மூன்றும் ஏறத்தாழ ஒரே வகைக் கோடுகள். பயணிக்கு அவ்வாறல்ல, தான் வாசிக்கத் தெரிந்த எழுத்தையே கண் தேடிப் பற்றும். அப்பலகையில் கண்ணைக் கவரும் பகுதி எது என்பதற்கு ஒரே விடை இல்லை. யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து விடைகள் மூன்றாகலாம். ஆங்கிலம் மட்டும் வாசிப்போரின் தரவில் பயின்ற மாதிரிக்கு இது தெரிய வழியில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அதற்கு வராது. முழு உறுதியுடன் ஒரு வரைபடத்தைத் தரும்.

இறக்குமதித் தரவு போதாது என்று உணர்ந்து செயல்பட்டதற்கு இங்கேயே முன்னுதாரணம் உண்டு. ஐரோப்பியச் சாலைகளில் பயின்ற மாதிரிகள் இந்தியச் சாலைகளுக்குப் பொருந்தாமையைக் கண்டு, ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் இன்டெல் நிறுவனத்துடன் சேர்ந்து ஏறத்தாழ 10,000 படங்களைக் கொண்ட இந்தியச் சாலைத் தரவுத்தொகுப்பை உருவாக்கினர். ஆட்டோ ரிக்‌ஷாவும் விலங்குகளும் அதில் தனி வகைகளாக இடம்பெற்றன. சாலைக்குச் செய்த இவ்வுழைப்பைப் பார்வைக்கும் செய்யலாம். விழிநகர்வுக் கருவி விலைமிக்கது என்ற சமாதானம் முழுமையாகச் செல்லாது. 2015-இல் வெளியான சாலிகான் என்னும் தரவுத்தொகுப்பு, மங்கலாக்கப்பட்ட படத்தில் சுட்டி நகரும் இடம் மட்டும் தெளிவாகும் முறையில், சாதாரணக் கணினிச் சுட்டியைக் கொண்டே பெருந்திரளான படங்களுக்குத் தரவு திரட்டிக் காட்டியது. ஒரு துறையின் ஆய்வுக்கூடமும், வெவ்வேறு மொழி வாசிக்கும் மாணவர்களும் இருந்தால் ஒரு தொடக்கம் செய்துவிடலாம்.

அதற்கு முன்பே செய்யக்கூடியவையும் உண்டு. இத்துறையில் வரும் ஒவ்வோர் ஆய்வேடும் தன் தரவுக்காகப் பார்த்தோர் எத்தனை பேர், என்ன வயதினர், எந்த எழுத்து வாசிப்போர், எத்தனை நொடி பார்த்தனர், அவர்களிடம் என்ன வினா கொடுக்கப்பட்டது என்பதை ஒரு பத்தியில் எழுதட்டும். மையத்து வெண்வட்டத்தின் மதிப்பெண் அட்டவணையின் முதல் வரிசையில் இருக்கட்டும். மொத்தச் சராசரியோடு நில்லாமல், மாதிரி எந்த வகைப் படங்களில், எந்த வகை மனிதர்களிடத்தில் தவறுகிறது என்பதும் இடம்பெறட்டும். இவற்றுக்குப் புதிய கருவியோ நிதியோ வேண்டியதில்லை. நெறியாளர் ஒருமுறை கேட்டால் போதும்.

தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கத்தில் வந்த முன்னேற்றம் அடுத்த மாநாட்டில் பழையதாகிவிடும். யார் கண்ணில் பட்டது என்று எழுதிவைத்த ஆய்வேட்டை மட்டும் பத்தாண்டு கழித்தும் ஒருவர் எடுத்து, அதன்மீது நம்பிக்கையோடு மேலும் கட்ட முடியும்.