சாக்கடை எங்கே போகிறது?

பிலிப்பைன்ஸ் நாட்டில் போராக்காய் என்று ஒரு சின்னத் தீவு. வெள்ளை வெளேர் என்ற மணல். உலகம் எங்கும் இருந்து பயணிகள் வருகிறார்கள்.

கடலை ஒட்டி அறை கிடைத்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம்! பெரிய ஓட்டல் முதல், ஒரே அறையில் பல கட்டில் போட்ட மலிவு விடுதி வரை அங்கே எழுந்தன. பலவற்றின் சாக்கடை கடலில் கலந்தது. அந்தக் கடலில்தான் பயணிகள் குளித்தார்கள்!

தீவுக்குப் பூட்டு

2018 ஏப்ரல் 26-ந் தேதி அரசாங்கம் தீவையே மூடியது. கடலில் இருந்து 30 மீட்டருக்குள் கட்டியவற்றை இடிக்க உத்தரவு பிறந்தது. அக்டோபர் 26-ந் தேதிதான் தீவு மீண்டும் திறந்தது.

அந்த ஆறு மாதமும் பயணிகள் வேறு ஊர் போனார்கள். அறை கூட்டியவரும் படகு ஓட்டியவரும் எங்கே போவார்கள்? அவர்கள் பிழைப்பு போயிற்று.

குற்றம் விடுதிக்காரர் மீது மட்டுமா? பணம் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு.

"வாடகை எவ்வளவு?" என்று கேட்கும் பயணி, "சாக்கடை எங்கே போகிறது?" என்றும் கேட்க வேண்டும். சரியான பதில் வராவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும்.

நாலு எட்டு தள்ளித் தங்கினால் கடல் ஓடிவிடாது!