கன்றின் வேலையை ஊசி செய்யலாமா?

புதுவைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் பிள்ளைச்சாவடியானாலும் சரி, டில்லி மாநகரமானாலும் சரி, பால் கறக்கும் முறை ஒன்றுதான். முதலில் கன்றை அவிழ்த்து விடுவார்கள். கன்று இரண்டு முட்டு முட்டும். பசு சுரப்பு விடும். கன்று இறந்துவிட்டால் வைக்கோல் கன்றை நிறுத்துவதும் பழைய வழக்கம். இதன் மர்மம் என்ன?

மடிக்குள் நடப்பது

மடியை ஆட்டி வைப்பவை ஹார்மோன்கள். ஈஸ்ட்ரோஜன் பால் குழாய்களை வளர்க்கிறது. புரோஜெஸ்டிரோன் பால் ஊறும் சிறு பைகளை வளர்க்கிறது. ஆனால் சினைக் காலம் முழுவதும் பால் ஊறாமல் தடுத்தும் வைக்கிறது. கன்று ஈனும் தறுவாயில் அது குறைந்துவிடும். அப்போது புரோலாக்டின் வேலையைத் தொடங்கும், பால் ஊறும்.

ஊறிய பால் காம்புக்கு இறங்க வேண்டுமே! கன்று முட்டியதும் மூளையின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் ரத்தத்தில் கலக்கிறது. சுமார் ஒரு நிமிஷத்தில் மடிக்கு வந்து, சிறு பைகளைப் பிழிகிறது. பசு மிரண்டால் பால் இறங்காது.

ஊசி வந்தது

1953-ல் அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு விக்னோ இந்த ஹார்மோனைச் சோதனைச் சாலையில் செய்து காட்டினார். 1955-ல் நோபல் பரிசு பெற்றார். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தி, எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றும் மருந்து இது.

அதே மருந்து மாட்டுத் தொழுவத்துக்குள்ளும் நுழைந்தது. கன்று எதற்கு, ஊசி போதும் என்றாயிற்று! ஊசிக்குப் பழகிய பசு, ஊசி இல்லாமல் சுரப்பு விட மறுக்கிறது. கன்றின் பங்கும் போய்விடுகிறது.

தடையும் வழக்கும்

1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12-வது பிரிவு, மாட்டின் உடல் நலத்தைக் கெடுக்கும் வகையில் பாலுக்காக ஊசி போடுவதைக் குற்றம் என்கிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு இன்னும் கடுமையாக ஓர் உத்தரவு போட்டது. உள்நாட்டு உபயோகத்துக்கு இந்த மருந்தைத் தனியார் யாரும் தயாரிக்கக் கூடாது. பொதுத்துறையில் மட்டுமே தயாரிக்க வேண்டும்.

ஒரே ஆலையை நம்பினால் பிரசவ ஆஸ்பத்திரிகளின் கதி என்ன? வழக்கு எழுந்தது. 2018 டிசம்பர் 14-ந் தேதி டில்லி ஐகோர்ட்டு அந்தத் தடையை ரத்து செய்தது. மேல்முறையீட்டில் சுப்ரீம் கோர்ட்டு, 2019-ல் விஷயத்தைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்பியது.

பசுவைக் காப்பாற்றப் போய்த் தாயைக் கைவிடலாகாது. மருந்து ஆஸ்பத்திரியில் தட்டில்லாமல் கிடைக்க வேண்டும். தொழுவத்தில் திருட்டுத்தனமாக ஊசி போடுவோரைப் பிடிக்க, ஏற்கெனவே உள்ள சட்டமே போதும். அதை அமல் நடத்த வேண்டியதுதான் பாக்கி.