'நல்லாத்தான் தெரியுது கண்ணு!'

கோவையில் கண் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. அவினாசி ரோட்டில் அரவிந்த், சத்தி ரோட்டில் சங்கரா. கிராமத்துக்கே வந்து முகாம் போட்டு, பஸ்ஸில் கூட்டிப்போய் புரை ஆபரேஷனும் செய்து அனுப்புகிறார்கள். ஆனாலும் உங்க வீட்டு அப்பாருவை செக்கப்புக்குக் கூப்பிட்டுப் பாருங்க. "எனக்கு நல்லாத்தான் தெரியுது கண்ணு, எதுக்கு வெட்டிச் செலவு?" என்பார்.

சிக்கலே அங்கதாங்க. புரை வந்தால் பார்வை மங்கும். ஆளே டாக்டரைத் தேடிப் போவார். குளுக்கோமா என்கிற கண் அழுத்த நோய் பெரும்பாலும் அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. முதலில் ஓரப் பார்வையைத்தான் அரிக்கும். பேப்பர் படிக்கலாம், டி.வி பார்க்கலாம், ஒரு கண் விடுவதை இன்னொரு கண் சமாளித்துவிடும். போன பார்வை திரும்பாது. மிச்சத்தைத்தான் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம்.

தென் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்தவர்களிடம் அரவிந்த் நடத்திய ஆய்வு 2003-ல் வெளியானது. இந்த நோய் இருந்தவர்களில் 10-க்கு 9 பேருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. கொங்குப் பக்கம் மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதில் சேராது. கண் அழுத்தத்தை அளக்கணும், மருந்து விட்டு நரம்பையும் விழித்திரையையும் பார்க்கணும். 60 தாண்டினால் வருஷம் ஒருமுறை. சர்க்கரை இருந்தால் அந்த வயசுக்குக் காத்திருக்கவே வேண்டாம். மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், டி.வி.எஸ் 50-யில் தனியாக அனுப்பாதீங்க. அவருக்கு குளுக்கோமா என்று தெரிந்தால் நீங்களும் கண்ணைக் காட்டிடுங்க. குடும்பத்தில் தொடரக்கூடிய நோய் இது.