இந்த வார ப்ளேலிஸ்ட்: பாத்திரம் தேய்க்கிற நாருக்கும் ஒரு ராக் பாட்டு!

ராக் பேண்ட் என்றதும் என்ன ஞாபகம் வரும்? நீள முடி, கிழிந்த ஜீன்ஸ், தொண்டை கிழியக் கத்தல், மேடையிலேயே உடைத்து நொறுக்கப்படும் கிடார். ஆனால், ஜப்பானின் ஒசாகா நகரத்திலிருந்து கிளம்பிய ஒரு பேண்ட் பாடியது வேறு விஷயங்களை. சாக்லேட், ஜெல்லி, பனானா சிப்ஸ், ராமென் நூடுல்ஸ், பூங்காவில் நிற்கும் சிமென்ட் பொம்மைகள், கீரிக்கும் பாம்புக்கும் நடக்கும் சண்டை. அட, பாத்திரம் தேய்க்கிற நாருக்குக்கூட ஒரு பாட்டு உண்டு!

பேண்டின் பெயர் ஷோனென் நைஃப். முழுக்க முழுக்கப் பெண்கள். 1981 டிசம்பரில் தொடங்கியவர்கள், 40 வருடங்களைத் தாண்டியும் ஆல்பம் போட்டார்கள்.

ஆபீஸ் முடிந்த பிறகு ராக்

நவோகோ யமானோ, அவருடைய தங்கை அட்சுகோ, தோழி மிச்சியே நகதானி. இந்த மூன்று பேர்தான் தொடக்கம். நவோகோ கிடார், மிச்சியே பாஸ் கிடார், அட்சுகோ டிரம்ஸ். ஒரு பழைய பேனாக்கத்தியின் பிராண்ட் பெயர்தான் பேண்டின் பெயரானது. ‘ஷோனென்’ என்றால் சிறுவன். கேட்கச் சாதுவான சொல், பக்கத்திலேயே ஒரு கத்தி. அவர்களுடைய இசையும் அப்படித்தான். மெட்டு மிட்டாய் மாதிரி இனிக்கும். கிடார் மட்டும் பங்க் ராக் வேகத்தில் கரகரவென்று ஓடும். பீட்டில்ஸ், ராமோன்ஸ் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதுபோல ஒரு சத்தம்.

ஆரம்ப வருடங்களில் இவர்கள் முழுநேர இசைக் கலைஞர்கள் இல்லை. ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே பாடினார்கள். 1982-ல் முதலில் வந்தது ஒரு கேசட். பெயர் ‘மின்னா தனோஷிகு’. ‘எல்லோரும் சந்தோஷமாக’ என்று பொருள். அடுத்த 40 வருடங்களுக்கான கொள்கையை முதல் கேசட்டின் அட்டையிலேயே எழுதிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

1983-ல் வந்தது ‘பர்னிங் ஃபார்ம்’. வழக்கமான எல்பி அளவில்கூட இல்லை. 8 அங்குல குட்டி இசைத்தட்டு. நார் பாட்டு இருப்பது இதில்தான். ஜப்பானிய வீடுகளில் ‘கமேனோகோ தவாஷி’ என்று ஒன்று உண்டு. கமேனோகோ என்றால் ஆமைக்குட்டி. நாரை வளைத்துக் கட்டிய, ஆமை வடிவத் தேய்ப்பான். அதற்கு விளம்பரப் பாட்டுபோல ஒன்று எழுதிப் பாடிவிட்டார்கள். யாரும் கேட்டு எழுதிய விளம்பரம் இல்லை. பாத்திரம் தேய்க்கும் நாரையும் பாடலாம் என்று தோன்றியது, பாடினார்கள். அவ்வளவுதான்.

கடல் தாண்டிய கேசட்

அந்தக் குட்டி இசைத்தட்டை 1985-ல் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரத்தில் இருந்த கே ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் கேசட்டாக வெளியிட்டது. இன்டர்நெட் இல்லாத காலம். கேசட் கைமாறிக் கைமாறி, அமெரிக்க ராக் இசைக் கலைஞர்களிடம் ரசிகர் கூட்டம் சேர்ந்தது. 1989-ல் சோனிக் யூத், எல்7 போன்ற பேண்டுகள் சேர்ந்து ஷோனென் நைஃப் பாடல்களைத் தாங்களே பாடி, ஒரு மரியாதை ஆல்பமே வெளியிட்டன. ஒசாகாவில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த பெண்களுக்குக் கடல் கடந்து வந்த பாராட்டு அது.

ரசிகர்களில் முக்கியமானவர் நிர்வாணா பேண்டின் கர்ட் கோபேன். தனக்குப் பிடித்த 50 ஆல்பங்கள் என்று அவர் கைப்பட எழுதிய பட்டியலில் ‘பர்னிங் ஃபார்ம்’ உண்டு. 1991 கடைசியில் நிர்வாணாவின் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் தொடக்க நிகழ்ச்சி நடத்த ஷோனென் நைஃபுக்கு அழைப்பு வந்தது. அப்போது நிர்வாணா யாரென்றே இவர்களுக்குத் தெரியாது. போட்டோவைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துபோனதாக நவோகோ பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பழகிய பிறகுதான் அவர்கள் நல்ல பிள்ளைகள் என்று தெரிந்ததாம்!

அதே 1991-ல் வந்த ஆல்பத்தின் பெயர் ‘712’. ஜப்பானிய மொழியில் இந்த எண்களை ‘ந-இ-ஃபு’ என்றும் படிக்கலாம். அதாவது, நைஃப். 1992-ல் பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு ‘லெட்ஸ் நைஃப்’ வந்தது. பழைய பாடல்கள் பலவற்றை நல்ல ஸ்டூடியோவில் புதிதாகப் பதிவு செய்தார்கள். 1993-ல் ‘ராக் அனிமல்ஸ்’. கீரி-பாம்பு பாட்டு இதில்தான். 1994-ல் அமெரிக்காவின் லோலாபலூசா இசைத் திருவிழா மேடை.

சிரிப்பு மட்டும் நிற்கவில்லை

‘க்யூட்’ என்று ஒரே சொல்லில் இவர்களை அடைத்துவிடுவது சுலபம். ஆனால், அடுத்து வந்த வருடங்களைப் பார்த்தால் அந்தச் சொல் போதாது என்று புரியும்.

1999-ல் மிச்சியே விலகினார். அட்சுகோ டிரம்ஸை விட்டு பாஸ் கிடாருக்கு மாறினார். டிரம்ஸுக்கு மானா நிஷியுரா வந்தார். 2005-ல் வேறொரு பேண்டுடன் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போயிருந்தபோது, சாலை விபத்தில் மானா இறந்துபோனார். அடுத்த வருடம் அட்சுகோவும் திருமண வாழ்க்கைக்காக லாஸ் ஏஞ்சலீஸில் குடியேறினார். மூன்று பேராகத் தொடங்கிய பேண்டில் மிஞ்சியது அக்கா நவோகோ மட்டும்.

கர்ட் கோபேன் இல்லை. நிர்வாணா அலை ஓய்ந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நவோகோ புதிய ஆட்களைச் சேர்த்தார். 2007-ல் ஜப்பானில் அடுத்த ஆல்பம் வந்தது. பெயர் என்ன தெரியுமா? ‘ஃபன்! ஃபன்! ஃபன்!’. அந்த மூன்று ஆச்சரியக்குறிகளையும் முந்தைய இரண்டு வருடங்களை நினைத்துக்கொண்டு பாருங்கள். சந்தோஷம் இவர்களுக்கு விளையாட்டாக வந்த குணம் மட்டும் அல்ல; முடிவெடுத்துப் பிடித்துக்கொண்ட ஒன்று என்று தோன்றும்.

அதன்பிறகும் வேகம் குறையவில்லை. 2008, 2010, 2012, 2014 என்று புது ஆல்பங்கள். நடுவில் 2011-ல், 30-வது ஆண்டுக்காக, தங்களுக்கு ஆசான் மாதிரியான ராமோன்ஸ் பாடல்களை மட்டுமே பாடி ‘ஒசாகா ராமோன்ஸ்’. பிறகு அட்சுகோவும் பேண்டுக்குத் திரும்பினார். 2019-ல் வந்த ‘ஸ்வீட் கேண்டி பவர்’ ஆல்பத்தில் அக்காவும் தங்கையும் மீண்டும் ஒன்றாக. டிரம்ஸில் இளம் தலைமுறையைச் சேர்ந்த ரிசா கவானோ.

2023-ல் ‘அவர் பெஸ்ட் பிளேஸ்’. அப்போது நவோகோவுக்கு 60 வயது தாண்டிவிட்டது. அந்த ஆல்பத்தில் எதைப் பற்றிப் பாடினார் என்கிறீர்களா? காரசாரமான காய்கறிக் குழம்பு, மாலை நேரத் தேநீர், அடுக்கடுக்கான ஜெர்மன் கேக்!

பெரிய காதல், பெரிய கோபம், பெரிய புரட்சி. ராக் இசையில் இவற்றுக்குக் குறைவில்லை. ஆனால், ஒரு சராசரி நாளில் நம்மோடு இருப்பது சாப்பாடு, டீ, சிங்க்கில் கிடக்கும் பாத்திரங்கள்தான். அவையும் பாட்டுக்குத் தகுதியானவை என்று இந்தப் பெண்கள் 1983-லும் சொன்னார்கள், 2023-லும் சொன்னார்கள். இடையில் வாழ்க்கை எத்தனையோ முறை அடித்துப் பார்த்தது. மெனு மட்டும் மாறவில்லை.

எங்கே தொடங்கலாம்?

புதிதாகக் கேட்பவர்கள் ‘லெட்ஸ் நைஃப்’ ஆல்பத்தில் தொடங்கலாம். பழைய ஹிட்டுகள் தெளிவான ஒலியில் கிடைக்கும். குட்டீஸோடு சேர்ந்து கேட்க, 1998-ல் வந்த ‘ஹேப்பி ஹவர்’. ‘பனானா சிப்ஸ்’ பாட்டு அதில்தான் இருக்கிறது. கிடார் சத்தம் பிடித்தவர்களுக்கு, 70-களின் ஹார்டு ராக் வாசனை வீசும் 2014-ன் ‘ஓவர்டிரைவ்’. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு ‘பர்னிங் ஃபார்ம்’ பக்கம் வாருங்கள். ஒலி கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கும். ஆபீஸ் முடிந்து வந்து, மூன்று பெண்கள் ஆசை ஆசையாக வாசித்த சத்தம் அது.