வரப்பில் களை... வாசலில் கம்பளம்! வீட்டுப் புல்தரை அடர்த்தியாக வளர அருகம்புல் போதுமே!

"வரப்புல கெடக்குற புல்லை வெட்டிப் போட நான் கூலி குடுக்குறேன். நீ காசு குடுத்துப் புல்லு வாங்கிட்டு வர்றியா?"

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதம், மினி லாரியிலிருந்து புல் கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அப்பா என்னைக் கேட்ட கேள்வி இது.

கும்பகோணம் பக்கம் எங்கள் கிராமம். வீட்டைப் புதுப்பித்தபோது வாசலில் 200 சதுர அடி மிச்சமிருந்தது. டைல்ஸ் போட்டுவிடலாம் என்றார்கள். புல்தரைதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். காரணம், என் அப்பாயி. மூட்டுவலி இருந்தாலும் காலையில் செருப்பில்லாமல் வாசலில் பத்து நடை நடந்தால்தான் அவருக்கு நிம்மதி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மத்தியான வேளையில் போனவர்களுக்குத் தெரியும்... கருங்கல் தரையில் கால் வைக்க முடியாமல் ஓடி, பக்கத்துப் புல்தரையில் ஏறினால்தான் உயிர் வரும். டைல்ஸ் வெயிலில் சுடும், மழையில் வழுக்கும். 78 வயதில் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

9,000 ரூபாய் போன கதை

நர்சரியில் நான் வாங்கியது கொரியன் புல். பட்டு மெத்தை மாதிரி இருந்தது. கூலியோடு சேர்த்து 9,000 ரூபாய். "தினமும் ரெண்டு வேளை தண்ணி விடுங்க, போதும்" என்றார்கள். விட்டேன். மாமரத்து நிழலில் இருந்த பகுதி ஒரே மாதத்தில் மெலிந்தது. ஐப்பசி மழையில் வாசலில் நான்கு நாள்கள் தண்ணீர் நின்றது. கார்த்திகையில் மிச்சப் புல்லும் மஞ்சளாகி அழுகியது. தை பிறந்தபோது பச்சையாக நின்றவை இரண்டுதான். ஒன்று கோரை, இன்னொன்று எங்கிருந்தோ ஓடி வந்த அருகு.

"வர்ற ஆடியில சரி பண்ணு. இல்லன்னா டைல்ஸ்தான்" என்று அப்பா கெடு வைத்துவிட்டார்.

நம்ம களை, உலகத்தின் கம்பளம்

அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 'பெர்முடா புல்' என்று வீட்டு வாசலிலும் கோல்ஃப் மைதானத்திலும் வளர்க்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை, நம்ம அருகம்புல்தான்! பெயரில்தான் பெர்முடா, அந்தத் தீவின் பூர்வீகப் புல்லும் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி பல வருடங்கள் இதற்காகவே உழைத்தார். அருகும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல்லும் கலந்து பிறந்த 'டிஃப்வே' ரகம் 1960-ல் அங்கிருந்துதான் வந்தது. இன்றுவரை பல நாட்டு விளையாட்டு மைதானங்களில் அது இருக்கிறது. அதே பர்ட்டன் உருவாக்கிய கம்புச் செடியை ஒரு பெற்றோராக வைத்துத்தான் 1965-ல் இந்தியாவில் ஹெச்.பி.-1 என்ற வீரிய ஒட்டுக் கம்பும் வந்தது என்பது கூடுதல் தகவல்.

அருகுக்கு ஏன் இந்த மவுசு? கரும்பு, சோளம் போல இதுவும் கடும் வெயிலை நன்றாகப் பயன்படுத்தி உணவு தயாரிக்கும் வகை. பக்கத்து வயலில் நிற்கும் நெல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தரைக்கு மேலே கொடியாக ஓடும். தரைக்குக் கீழேயும் தண்டு விட்டு ஓடும். மேலே காய்ந்தாலும் கீழே உயிர் இருக்கும். வரப்பில் நமக்குத் தலைவலி தரும் இந்தக் குணம்தான் வாசலில் வரம்!

ஆனால் அடர்த்தியாக வளர, சில விஷயங்களைக் கவனித்தே ஆக வேண்டும்.

முதலில் வெயில், அப்புறம் வடிகால்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம்தான் அருகுக்கு ஏற்றது. நிழலில் என்ன உரம் போட்டாலும் மெலியும். கொஞ்சம் நிழல் விழும் இடம் என்றால் அகல இலை கொண்ட பஃபலோ புல் ஓரளவு தாங்கும். அடர்ந்த மரத்தடி என்றால் புல் ஆசையை விட்டுவிடுங்கள். நானும் விட்டுவிட்டேன், அங்கே இப்போது அப்பாயியின் நாற்காலி இருக்கிறது.

அடுத்தது மண். கும்பகோணம், திருவாரூர் பக்கமெல்லாம் களிமண். மழையில் சேறாகும், கோடையில் வெடிக்கும். புது ஆறு பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் மணல் கலந்த மண் என்பதால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். களிமண்காரர்கள் தரையைச் சற்று மேடாக்கி, 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு கொடுங்கள். மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகக் கலந்து கொத்திவிடுங்கள்.

கோரைக்கிழங்கைப் பொறுக்கி எடுப்பது முக்கியம். ஒருமுறை கொத்திப் பொறுக்கிய பிறகு தண்ணீர் விட்டு இரண்டு வாரம் சும்மா போடுங்கள். மிச்சக் கோரை முளைத்து முகம் காட்டும். கிழங்கோடு எடுத்துவிடலாம். மேலே மட்டும் அறுத்தால் திரும்பத் திரும்ப வரும்.

பிள்ளையார் வைத்தியம்

சாணி உருண்டையில் அருகைச் செருகினால் பிள்ளையார். அதே இரண்டையும் குழைத்துத் தரையில் மெழுகினால் புல்தரை! விளையாட்டில்லை, தோட்டக்கலைப் பாடத்தில் இருக்கும் முறைதான் இது. சுத்தமான அருகை இரண்டு, மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். இரண்டு கூடைப் புல்லுக்கு ஒரு கூடை மண், ஒரு கூடை பச்சைச் சாணம், கொஞ்சம் சாம்பல். தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, ஈரத் தரையில் ஓர் அங்குல கனத்துக்குப் பரப்ப வேண்டும். பொறுமை இருப்பவர்கள் வேரோடு எடுத்த புல்லை நான்கு அல்லது ஐந்து அங்குல இடைவெளியில் நாற்று நடுவதுபோல நட்டும் விடலாம்.

நான் மெழுகினேன். புல் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அப்பா வயலில் வரப்பு அண்டை கழித்தபோது வெட்டிப் போட்டதுதான். செலவு, ஓர் ஆள் கூலி.

வெட்டினால்தான் அடர்த்தி

இதுதான் பலரும் தவறவிடும் விஷயம். புல் மெலிசாக இருக்கிறதே, வளரட்டும் என்று வெட்டாமல் விடுவோம். அது உயரமாக வளர்ந்து, அடியில் வெறும் குச்சியாகிவிடும். நுனிக் குருத்து இருக்கும்வரை பக்கத்துக் கணுக்கள் தூங்கும். நுனியை வெட்டினால் அவை விழித்துப் பக்கக் கிளைகள் விடும். நெல் தூர் கட்டுவது மாதிரி புல்லும் கட்டும். ஆடு மேய்கிற வரப்பில் புல் பாய் விரித்தமாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்தானே?

ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்திருங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெட்டலாம். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். சின்ன இடத்துக்கு தோட்டக் கத்தரியே போதும். அடிக்கடி வெட்டினால் பூ விடுவது குறையும். மகரந்த அலர்ஜி இருப்பவர்களுக்கும் நல்லது.

நன்கு வேர் பிடித்த பிறகு, வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியா தூவலாம். அதற்கு மேல் வேண்டாம். புல் காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். உரம் போட்ட இந்தப் புல்லை ஜூஸுக்குப் பறிக்காதீர்கள்.

தண்ணீருக்கு என்ன நியாயம்?

ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருடங்களில் குறுவைக்கே தண்ணீர் இருக்காது. அப்போது புல்லுக்கு ஊற்றினால் ஊர் சிரிக்காதா? அப்பாவின் இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

நட்ட முதல் சில வாரங்களுக்குத் தினமும் ஈரம் வேண்டும். அதனால்தான் ஆடி, ஆவணி மழையில் தொடங்கி ஐப்பசி அடைமழைக்கு முன்பே வேர் பிடிக்கவிடுவது நல்லது. அதன் பிறகு மழையில்லாத வாரத்தில் 100 சதுர அடிக்குச் சுமார் 230 லிட்டர், அதாவது 15 குடம் தண்ணீர் போதும். தினமும் தெளிப்பதைவிட வாரம் இருமுறை ஆழமாக விட்டால் வேர் கீழே போகும். எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரும், துணி அலசிய கடைசித் தண்ணீரும்தான் போகின்றன. தட்டுப்பாடான வைகாசியில் ஒரு சொட்டும் விடவில்லை. பழுப்பாகிக் கிடந்தது. இரண்டு மழை பெய்ததும் எழுந்துவிட்டது. கொரியன் புல்லாக இருந்திருந்தால் இந்தத் தைரியம் எனக்கு வந்திருக்காது.

ஓர் எச்சரிக்கை... அருகுக்கு எல்லை தெரியாது. பக்கத்தில் காய்கறிப் பாத்தி இருந்தால் அரை அடி ஆழத்துக்குச் செங்கலைப் புதைத்துக் கரை கட்டுங்கள்.

இந்த ஆடியோடு எங்கள் புல்தரைக்கு ஒரு வயது. மாமரத்தடி தவிர மற்ற இடமெல்லாம் தரை தெரியவில்லை. அப்பாயியின் பத்து நடை இருபது ஆகிவிட்டது. அப்பா இன்னும் பாராட்டவில்லை. ஆனால் போன வாரம் நான் ஊருக்குப் போனபோது, வயலிலிருந்து வந்தவர் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு புல்மேல் வந்து நின்றார். "இது வயப் பக்கம் வந்துச்சுன்னா நீதான் வந்து பிடுங்கணும்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தார்.